முறிவு மருந்து எங்கே?

தோழர்களே, இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மருந்து உயிர் காக்கிறது, மறுப்பாரில்லை. அம்மருந்தாலேயே குருதி கொட்டினால்? பழைய வார்ஃபரினுக்கு மாற்று உண்டு. வைட்டமின் கே, மலிவானது. அது வேலை செய்யும் மணிநேரங்களைக் கடக்க உறைபொருளையும் ஏற்றுவர்.

2010-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது டாபிகாட்ரான். அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டாம், மூளையில் கசிவும் குறைவு என்றனர். மெய்தான்! முறிவு மருந்து வந்ததோ 2015-இல்! பூட்டை இன்று விற்று, சாவியை ஐந்தாண்டு கழித்துத் தருவதா வாணிபம்? என்று கேட்கிறோம்.

இடையில் தலையில் அடிபட்டு வந்தவனுக்கு மருத்துவரிடம் இருந்ததென்ன? ஏற்றுவதற்கு இரத்தம், டயாலிசிஸ் இயந்திரம், மருந்தின் வேகம் தணியுமட்டும் காத்திருப்பு!

2014-இல் ஏறத்தாழ 4,000 வழக்குகளைத் தீர்க்க 65 கோடி டாலர் தர ஒப்பியது போரிங்கர் நிறுவனம். குற்றத்தை மட்டும் ஒப்பவில்லை!