மன்னார் வளைகுடாவின் இயற்கைப் பாசிப் படுகைகளைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இராமநாதபுரம் மாவட்டம்.
அனுப்புநர்: கடற்பாசி சேகரிக்கும் மகளிர் சங்கத்தின் நிர்வாகிகள்.



மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்கி வருவதால், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து சுமார் 8.2-இலிருந்து 8.1-ஆக இறங்கியுள்ளது. இது மடக்கை அளவீடு என்பதால், பார்வைக்குச் சிறிதான இவ்வேறுபாடு அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியதைக் குறிக்கும். அதனால் கார்பனேட் அயனிகள் குறைந்து, அவற்றைக் கொண்டு ஓடும் கூடும் கட்டும் சங்கு, சிப்பி, பவள உயிரிகள் ஆகியவை, குறிப்பாக இளம் பருவத்தில், நலிவடைகின்றன.

கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி முதலிய கடற்பாசிகள் அடர்ந்த படுகைகள் பகலில் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்வதால், அங்குள்ள நீரின் பி.எச். உயர்ந்து சிற்றுயிர்களுக்குப் புகலிடம் அமைகிறது. இரவில் பாசியும் பிற உயிர்களும் சுவாசிக்க, அது மீண்டும் இறங்குகிறது. ஆகவே பகலில் மட்டும் எடுத்த அளவைக் காட்டிப் பாசி வளர்ப்பே கடலைக் காக்கும் என்று முடிவு கட்டுவது முறையன்று என இச்சங்கம் கருதுகிறது.

இம்மாவட்டத்தின் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டதை வரவேற்கும் இச்சங்கம், மிதவையில் வளர்த்து அறுவடை செய்யப்படும் பாசி, பாறையில் வேரூன்றியதுபோல் நிலைத்த இயற்கைப் படுகைக்கு ஈடாகாது என்பதை வலியுறுத்துகிறது. அவ்வாறு வளர்க்கப்படும் அயலினப் பாசியான கப்பாபைகஸ், குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்தது 2008-இலேயே பதிவாகியுள்ளது.

எனவே, மிதவைகளுக்கு அனுமதி வழங்குமுன் பவளப்பாறைகளையும் இயற்கைப் படுகைகளையும் வரைபடத்தில் குறித்து விலக்கி வைக்கவும், படுகையிலும் அதையடுத்த வெற்று மணற்பரப்பிலும் இரவு பகலாகப் பி.எச். பதியும் கருவிகளை நிறுவி அளவுகளை ஊராட்சிதோறும் தமிழில் வெளியிடவும் வேண்டப்படுகிறது. கட்டக்கோரையைப் பாறையைப் பற்றிய அடிப்பகுதியை விட்டு அரிந்தால் அது மீண்டும் துளிர்க்கும், அடியோடு பிடுங்கினால் பாறை வெறுமையாகும் என்பதைப் பாசி எடுக்கும் பெண்கள் கையனுபவத்தால் அறிவர். அவர்களைக் கண்காணிப்புக் குழுவில் ஊதியத்துடன் சேர்க்கவும், பாசி தழைக்கும் மாதங்களில் சேகரிப்பை நிறுத்தச் சொல்வதாயின், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைப் போன்ற உதவித்தொகையை அவர்கள் பெயரிலேயே வழங்கவும் ஆவன செய்யுமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்