பளபளப்பு வேறு, பழமை வேறு

இது கொஞ்சம் கோபமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் அவன் தாத்தாவின் புல்லட்டைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். 1968 மாடல். கண் கூசுகிற பளபளப்பு. கியர் இடது பக்கம் மாறியிருந்தது. "எல்லாமே புதுசு சார்" என்றான். "பழசெல்லாம் எங்கேப்பா?" என்றேன். "எடைக்குப் போட்டுட்டேன் சார்." எனக்குப் பேச்சே வரவில்லை.

தம்பிகளா, அந்த வண்டி நம் தமிழ்நாட்டில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நியூட்ரலுக்குத் தனி லீவர். இதையெல்லாம் கழற்றி எறிந்த பிறகு அது எப்படித் தாத்தா வண்டி?

"கடையில ஒரிஜினல்னுதான் சார் கொடுத்தாங்க" என்கிறான். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? லேபிள் அச்சடித்துப் பிழைக்கிற சீமை நம்முடையது. அட்டைப்பெட்டியில் எந்த எழுத்தையும் அச்சடிக்கலாம் என்று நமக்குத் தெரியாதா? பெட்டியை விடு, பாகத்தைப் பார். கழற்றியதைப் பக்கத்தில் வைத்து எடை, கனம், துளையின் இடம், மரை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார். அந்தக் காலத்து புல்லட்டுக்கு இங்கிலாந்து அளவு மரை. மெட்ரிக் போல்ட்டைத் திணித்து முறுக்கினால் மரை போய்விடும்.

"ஒரிஜினல் கிடைக்கலையே சார்" என்பீர்கள். கையில் இருந்ததே ஒரிஜினல்தானே! டயர், கேபிள், பிரேக் ஷூ, ரப்பர் இவற்றைப் புதிதாகப் போடுங்கள், உயிர் முக்கியம். மற்றதை லேத்தில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் மட்டும் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கிற வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு.

அவன் மறுநாளே இரும்புக்கடைக்கு ஓடினான். டேங்க் மட்டும் கிடைத்தது. கியர்பாக்ஸ் போயே போய்விட்டது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், கழற்றுகிற ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். எடைக்குப் போடாதீர்கள். கிலோ கணக்கில் விற்றதை நாளைக்கு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

– உங்கள் சார், ஆலங்குளம்