ஒளியும் புளுகும்

புற்றுநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னவுடன், “பார்த்தீர்களா, சூரிய நமஸ்காரத்தின் மகிமையை!” என்று நமது புராணக் கூட்டத்தார் கிளம்பிவிடுகிறார்கள். சூரியனைக் கும்பிட்டா இதைக் கண்டுபிடித்தார்கள்?

ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மாணவர் ஆஸ்கார் ராப், அக்ரிடின் சாயம் ஏறிய நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் சாவதையும், இருட்டில் பிழைப்பதையும் கண்டு 1900-ல் வெளியிட்டார். அதன் வழி வந்ததே இச்சிகிச்சை. மருந்து கட்டியில் தங்கியபின் ஒளி பாய்ச்சினால், அங்குள்ள பிராணவாயு வீரியம் பெற்று நோய்பிடித்த உயிரணுவைக் கொல்லுகிறது. போட்டோபிரின் என்னும் மருந்தை ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்கவேண்டும். சூரிய பகவான் அவருக்கு என்ன அருள் செய்வார்? தோலைத்தான் பொசுக்குவார்!

எலும்புப் புற்றுக்கோ இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஒளி சதைக்குள் ஆழமாகப் போவதில்லை என்பதை விஞ்ஞானியே மறைக்காமல் சொல்லுகிறார். “என் மந்திரம் இவ்வளவு தூரந்தான் போகும்” என்று எந்தப் பூசாரியாவது சொன்னதுண்டா?

தோழர்களே! பிள்ளையின் முழங்காலில் வலியும் வீக்கமும் நீடித்தால், திருநீறு பூசியும் எண்ணெய் தேய்த்தும் நாளைக் கடத்தாதீர்கள். எலும்புப் புற்றாயிருந்தாலும், அறுவையாலும் மருந்தாலும் இன்று பலர் பிழைக்கிறார்கள். நாள் கடந்தால் நோய் நுரையீரலுக்குப் போகும். அப்போது சூரியனும் வரமாட்டான். அவன் பேரால் வயிறு வளர்த்தவனும் வரமாட்டான்.