துரை விட்டுச்சென்ற ஒலிபெருக்கி

1975 ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போது தாயகம் திரும்பிய துரை ஒருவர், கிளாக்கராயிருந்த எம் தந்தையாரிடம் லீக் ஸ்டீரியோ 20 என்னும் வால்வு ஒலிபெருக்கியைக் கொடுத்துச் சென்றார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த 1958 ஐ ஒட்டிப் பிறந்த கருவி அது. தலவாக்கலை மூடுபனி அதன் குரலை அடக்கிவிட்டது. தந்தையாருக்கு வயது 87. இன்னுமொரு முறை கேட்க வேண்டுமாம்.

அவசரம் ஆகாது. முன்பொரு பழைய வானொலியை நேரே 230 வோல்ட்டிற் செருகி, அதன் மின்மாற்றியைக் கருக்கிய பாவம் எமக்குண்டு. பழைய கண்டென்சர்கள் (வகுப்பறையிற் கொள்ளளவிகள் என்போம்) உள்ளீரம் வறண்டு கெடும். வால்வுகளுக்கு இடையிலுள்ளது கசிந்தாலோ, ஈ.எல்.84 வால்வின் தகடு தணலாய்ச் சிவக்கும். வால்வு போனால் வாங்கலாம். அக்காலத்து மின்மாற்றிக்கு எங்கே போவது?

ஆகவே கண்டென்சர்களை மாற்றிய பின், 60 வாட் குண்டு பல்பொன்றைத் தொடராக இணைத்து மின் கொடுத்தோம். உள்ளே குறுஞ்சுற்று இருப்பின் பல்பு முழுதாய் எரிந்து காட்டிக்கொடுக்கும். செருகியைக் கழற்றியதும் உள்ளே கை வைத்தல் தகாது. ஏறத்தாழ 300 வோல்ட் அங்கே தங்கியிருக்கக்கூடும்.

பல்பு பளிச்சிட்டு மங்கியது. ஆயினும் இடப்பக்கம் மட்டுமே பாடிற்று.

“போதும் தம்பி, எனக்கும் ஒரு காதுதானே கேக்குது” என்றார் அப்பா.

வலப்பக்கத்தை அடுத்த போயா விடுமுறையிற் பார்ப்போம்.