பணியிட விளம்பரமும் ஒரு தரவுதான்

ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு பிழைத்தாலும் பொறுக்காத ஆய்வாளர், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் நிறுவனத்தின் சொல்லைச் சான்று கேளாமல் ஏற்றுக்கொள்கிறார். நேர்காணலுக்குமுன் நிறுவனத்தை ஆராய்ந்து செல்லுமாறு பேராசிரியர்கள் அறிவுறுத்தாமலில்லை. ஆனால் அவர்கள் கருதும் ஆராய்ச்சி, இணையதளத்திலுள்ள தொலைநோக்கு வாசகத்தை மனப்பாடம் செய்து தேர்வுக்குழுவின்முன் ஒப்பிப்பது. அது ஆராய்ச்சியன்று, முகமன்.

தனியார் கல்லூரி, பல்கலைக்கழக விளம்பரங்களில் இரண்டு தொடர்கள் ஓயாமல் வரும். ஒன்று, 'ஊதியம் யுஜிசி விதிமுறைப்படி'. மற்றொன்று, 'தகுதியுடையோருக்கு ஊதியம் ஒரு தடையன்று'. இரண்டாவதில் எண்ணே இல்லை. எனவே அதைப் பொய்யென்று நிறுவவும் வழியில்லை. முதலாவதில் எண் ஒளிந்திருக்கிறது: 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அமைச்சர் உரையொன்றைக் கருத்தாடல் பகுப்பாய்வு செய்து நாற்பது பக்கம் எழுதும் மாணவர், தம் வாழ்வைத் தீர்மானிக்கும் இந்த ஒற்றை வரியைப் பகுப்பதில்லை.

பகுக்கத் தரவு இல்லாமலும் இல்லை. என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனம், தான் அளித்த தரவைத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். தரவரிசை எண்ணைப் பேருந்தின் முதுகில் எழுதிக்கொள்ளும் நிறுவனங்கள், அந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள கோப்பை யாரும் தேடாத மூலையில் போட்டுவைக்கின்றன. ஆசிரியர் பட்டியல் உள்ள கோப்புகளில் ஒவ்வொருவரும் பணியில் சேர்ந்த நாள் இருக்கும். மூன்றாண்டுக் கோப்புகளை அருகருகே வைத்தால், ஒரு துறையில் யார் நிலைத்தார், யார் காணாமற்போனார் என்பது விளங்கும். ஆசிரியர், அலுவலர் ஊதியத்துக்கான ஆண்டுச் செலவும் அங்கே உண்டு. அத்தொகை முழுவதும் ஆசிரியர்களுக்கே சென்றதாகத் தாராளமாக வைத்துக்கொண்டு, ஆசிரியர் எண்ணிக்கையாலும் பின்னர் பன்னிரண்டாலும் வகுத்தால் போதும். விடை 57,700ஐ எட்டவில்லையெனில், யுஜிசி விதிமுறை விளம்பரத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

கோப்பும் பொய் சொல்லலாம். ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்ததைத் தமிழ்நாட்டில் 2024இல் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. ஆகவே பட்டியலிலிருந்து மறைந்தவர்களைத் தேடிப் பேச வேண்டும். ஊதியம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது? அசல் சான்றிதழ் யாருடைய பீரோவில் இருந்தது? சேர்க்கைக் காலத்தில் மாணவர் பிடித்துவர அனுப்பினார்களா? ஒரே தகவலாளியை நம்பிக் கள ஆய்வை முடிப்பவர் எவருமில்லை. இங்கு மட்டும் ஏன்?

ஊதியத்தை விசாரிப்பது அறிஞருக்கு அழகன்று என்பார் உளர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியக்குழு நிர்ணயித்த ஊதியத்தை மாதந்தோறும் தவறாமல் பெறுபவர்கள். வேலையே அரிதாக இருக்கையில் ஆராய்ந்து என்ன பயன் என்ற கேள்வி அதைவிட நேர்மையானது. வேறு வழியின்றி அங்கேயே சேர நேரலாம்தான். ஆனால் அறிந்து சேர்பவர், ஊதியத் தொகை எழுதிய நியமன ஆணையைக் கேட்டு வாங்குவார். அசலைக் கொடுக்காமல் நகலைக் கொடுப்பார். வெற்றுத்தாளில் கையெழுத்திட மாட்டார். அறியாமல் சேர்ந்து ஏமாந்தவரைத்தான், முன்பே விசாரித்திருக்கக் கூடாதா என்று அதே பேராசிரியர்கள் பின்னர் கடிந்துகொள்கிறார்கள்.

முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 12 மதிப்பலகுப் பாடநெறி கட்டாயம்; ஆய்வு நெறிமுறையும் அதில் அடக்கம். அதில் ஒரே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கத் துறைகள் தயங்குவதன் காரணம் புதிரன்று. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று யுஜிசி 2019இல் அறிவித்தது. அந்த வகுப்பில் அமரும் மாணவர் முதலில் கணக்கிடப்போவது, அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தைத்தான்.