லாரியை நிறுத்தத் தெரிந்த சார்ஜென்ட்

போன பதிவில் ராணுவ சரக்கு வண்டிகளைப் பற்றி போகிற போக்கில் நாலு வரி எழுதினதுக்கு ஒரு அனானி வந்து, "தல, டாங்கி, விமானம்னு எழுதுங்க, லாரிக் கதையெல்லாம் யாருக்கு வேணும்"னு கேட்டுட்டுப் போயிருக்கார். அது பரவாயில்லை. இன்னொரு நண்பர், பேர் போட்டே, "லாரிப் பிரிவு சார்ஜென்ட்னா என்ன பெரிய வேலை? சாவி குடுக்கறது, நோட்டுல கையெழுத்து வாங்கறது. ஷெட் மேஸ்திரி மாதிரி" என்று எழுதியிருக்கார். ஸ்மைலி வேற.

பின்னூட்டத்தில் பதில் சொன்னா அடங்காதுன்னுதான் தனிப்பதிவு. முன்னாடியே சொல்லிடறேன், நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. சரக்குப் போக்குவரத்து ஆபீஸ் ஒண்ணுல கணக்கு எழுதறவன். ராத்திரி தூக்கம் வராதப்போ மத்தவங்க நாவல் படிப்பாங்க, நான் அடுத்தவன் நாட்டு ராணுவத்தோட லாரி விதிமுறைகளைப் படிப்பேன். வீட்ல திட்டு வாங்கறது தனிக்கதை.

அமெரிக்க ராணுவத்தையே எடுத்துக்கறேன். அவங்க விதிகளும் தணிக்கை அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கிறதால பேச வசதி. அங்கே லாரி ஓட்டுற சிப்பாயின் தொழில் எண் 88எம். அடிப்படைப் பயிற்சி முடிஞ்சதும் மிசௌரி மாநிலத்து ஃபோர்ட் லெனர்ட் வுட்டில் ஏழு வாரம் லாரிப் பயிற்சி. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன், ஊர்ல அப்பா காரை ஓட்டினவன், யூனிட்டுக்கு வந்து சேர்றான். எட்டுச் சக்கர ஹெம்ட் வண்டி முன்னாடி போய் நிக்கிறான். அவனை ஓட்டுநர் ஆக்க வேண்டியது பயிற்சிப் பள்ளி இல்லை, அங்க இருக்கிற சார்ஜென்ட்.

எப்படி ஆக்கணும்? பகல்ல நல்ல ரோட்டுல ஓட்ட வைக்கிறது சுலபம். அப்புறம் சேறு, மணல், சரிவு. சரக்கு ஏத்தின வண்டியும் காலி வண்டியும் பிரேக்ல எப்படி வித்தியாசமா நடந்துக்கும்னு காட்டணும். ராத்திரி விளக்கு இல்லாம, கண்ணுல இருட்டுக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஓட்டணும். அந்தக் கண்ணாடியில தூரம், பள்ளம் எதுவும் சரியாத் தெரியாது. பின்னாடி எடுக்கும்போது ஒருத்தன் கீழ நின்னு கை காட்டியே ஆகணும். நம்மூர் கிளீனர் "வரலாம் வரலாம் ரைட்டு" சொல்ற அதே வேலைதான். ஆனா அங்க வாய்ச்சொல் கிடையாது, கை சைகைதான். ஆள் கண்ணுக்குத் தெரியலேன்னா அந்த நொடியே வண்டியை நிறுத்திடணும். வண்டி கவிழ்ந்தா எப்படி வெளிய வர்றதுன்னும் பழக்கணும். ஹம்வீ வண்டியோட கூட்டை ஒரு அச்சுல மாட்டி, ஆளை உள்ள உட்கார வெச்சு, பெல்ட் போட்டு, அப்படியே தலைகீழாச் சுத்துவாங்க. தலைகீழாத் தொங்கிக்கிட்டே பெல்ட்டைக் கழட்டி, எந்தக் கதவு திறக்கும்னு கண்டுபிடிச்சு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வெளிய வரணும். சும்மா கேட்கறதுக்கு சிரிப்பா இருக்கும். முதல் தடவை நிறைய பேருக்கு பெல்ட் கொக்கி எங்க இருக்குன்னே தெரியாது.

இது பயிற்சிப் பக்கம். அன்றாட ஓட்டம் இன்னொரு பக்கம். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி, ஓடும்போது, நின்ன பிறகுன்னு மூணு தடவை சோதனை. அதுக்கு 5988-இ ன்னு ஒரு படிவம். கான்வாய் கிளம்புதுன்னா பாதை, வேகம், பின்தங்கின வண்டி எட்டிப் பிடிக்க வேண்டிய வேகம், வண்டிக்கு வண்டி இடைவெளி, ரேடியோ அலைவரிசை, ரிப்பேரானா யார் நிப்பாங்க, அடிபட்டா யார் தூக்குவாங்க... எல்லாத்தையும் சொல்லி, கேட்டவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும். முந்தின ராத்திரி யார் தூங்கினான், யார் காவல் டூட்டி பார்த்துட்டு கண்ணு சிவந்து வந்திருக்கான்னு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கணும். இதைத்தான் நண்பர் சாவி குடுக்கறதுன்னு சொல்றார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த வேலையோட உயிர் வண்டியை அனுப்புறதுல இல்லை. "இந்த வண்டி இன்னிக்குப் போகாது", "இந்தப் பையன் இன்னும் ராத்திரி ஓட்ட மாட்டான்" இந்த ரெண்டு வாக்கியத்துல இருக்கு. அதைச் சொல்லத் தெரியாத சார்ஜென்ட் எவ்வளவு லாரி ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை. இன்னொண்ணும் சொல்வேன், நண்பருக்குப் பிடிக்காது: அப்படிச் சொன்ன சார்ஜென்ட்டுக்குத் தொல்லை கொடுக்கிற மேலதிகாரி, எதிரியை விட அதிகமா சொந்தப் பசங்களைக் கொல்றான்.

மிகைன்னு நினைக்கிறவங்க ஒரு கணக்கைப் பாருங்க. அமெரிக்க காங்கிரசுக்காக வேலை செய்கிற தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ 2021 ஜூலையில் ஒரு அறிக்கை கொடுத்தது. 2010 முதல் 2019 வரையான நிதியாண்டுகளில், தரைப்படையும் மரைன் படையும் சேர்ந்து, ராணுவ வாகனங்களில் நடந்த விபத்துகள் 3,753. செத்தவங்க 123 பேர். எல்லாமே சண்டை நடக்காத இடத்து விபத்து. செத்தவங்கள்ல 63 சதவீதம் பேர் வண்டி கவிழ்ந்ததில் போனவங்க. அடிக்கடி வந்த காரணங்கள்னு அவங்க சொன்னது: ஓட்டுநரின் கவனக்குறைவு, மேற்பார்வைக் குறை, பயிற்சிக் குறை. உரிமம் கொடுத்த பிறகு ராத்திரியிலும் வேற வேற நிலத்திலும் ஓட்டப் பழக்கறதுக்கு எது போதும்னு ஒழுங்கான அளவுகோலே பல இடத்துல இல்லைன்னும் அதில் இருக்கு. யூனிட்டின் பாதுகாப்பு அதிகாரி வேலையை வேற வேலையோட கூடுதலாத் தலையில கட்டி விடறாங்கன்னும் இருக்கு.

இந்தப் புள்ளிவிவரத்துக்குள்ள ஒரு நாள் இருக்கு. 2016 ஜூன் 2. டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட். நல்ல மழை. பயிற்சியில் இருந்த ரெண்டரை டன் எல்.எம்.டி.வி லாரி ஒண்ணு அவுல் க்ரீக் ஓடையின் தரைப்பாலத்தைக் கடக்கப் போய் வெள்ளத்துல கவிழ்ந்தது. வண்டியில 12 பேர். 9 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். மழையால பாதைகளை மூடுற வேலை நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல இந்தப் பாலம் இன்னும் மூடப்படாம இருந்தது. அங்க எதிரி இல்லை, குண்டு இல்லை, காத்துக்கிட்டிருக்கிற முன்னணி இல்லை. ஒரு மணி நேரம் தாமதமாப் போயிருந்தா யாருக்கு என்ன குடி முழுகியிருக்கும்?

மூணு வருஷம் கழிச்சு, 2019 ஜூன் 6, வெஸ்ட் பாயின்ட் பக்கத்திலேயே இன்னொரு லாரி கவிழ்ந்தது. கோடைப் பயிற்சிக்கு மாணவர்களை ஏத்திட்டுப் போன வண்டி. ஒரு மாணவர் இறந்தார், இருபதுக்கும் மேல அடிபட்டாங்க.

இப்ப "ரெட் பால்" பக்தர்கள் வருவாங்க. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்ஸில் நடந்த அந்த மாபெரும் லாரி ஓட்டத்தைச் சொல்லாம லாரி பற்றி யாரும் வாதாட மாட்டாங்க. ஓட்டினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கறுப்பினச் சிப்பாய்கள். உச்சத்துல கிட்டத்தட்ட 6,000 வண்டி, ஒரு நாளைக்கு 12,500 டன். "அவங்க விதியைப் பார்த்தாங்களா? மணிக்கு 25 மைல்ங்கற வரம்பை மீறி, கவர்னரையே கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டலையா?"ன்னு கேட்பாங்க.

ஓட்டினாங்க. சலாம் போடறேன். பேட்டனின் டாங்கிகளுக்கு பெட்ரோல் போய்ச் சேர்ந்தது அவங்களால. ஆனா முழுக் கதையையும் சொல்லணும் இல்லையா? லாரியே ஓட்டாதவங்களையும் பிடிச்சு ஸ்டியரிங்ல உட்கார வெச்சாங்க. அளவுக்கு மேல பாரம், நாள் முழுக்க ஓட்டம். டயர் தேஞ்சு, எஞ்சின் போய், தூக்கத்துலயே பள்ளத்துல விழுந்து... அந்தப் பாதை ஓரம் முழுக்க லாரிப் பிணம். ஓய்வு கிடைக்கணும்னு தானே வண்டியைக் கெடுத்துக்கிட்ட ஓட்டுநர்களும் உண்டு. சேனைகள் பெட்ரோல் இல்லாம நிக்கிற அவசரத்துல எடுத்த முடிவு அது, எண்பத்தி மூணு நாள்ல முடிச்சும் வெச்சாங்க. அதையே தினசரிப் பழக்கமா ஆக்கி, அமைதிக்காலப் பயிற்சியிலும் "ரெட் பால் வீரன் மாதிரி இரு"ன்னு பையனை உசுப்பேத்தறது எந்த ஊர் நியாயம்?

"போர்க்களத்துல சார்ஜென்ட் முடியாதுன்னு சொன்னா ஒழுங்கு என்னாகும்?" இதுவும் அதே நண்பர்தான். நல்ல கேள்வி. 2004 அக்டோபர்ல ஈராக்கில் இதே நடந்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த 343வது குவார்ட்டர்மாஸ்டர் கம்பெனியின் சிப்பாய்கள் கிட்டத்தட்ட இருபது பேர், தாலில்ல இருந்து தாஜிக்கு எரிபொருள் கொண்டு போக மாட்டோம்னுட்டாங்க. வண்டிக்குக் கவசம் இல்லை, வண்டியே சரியில்லைன்னாங்க. கட்டளையை மீறினது குற்றம், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. கடைசியில கோர்ட் மார்ஷல் இல்லாம சின்னத் தண்டனையோட முடிச்சாங்க. ரெண்டே மாசத்துல, டிசம்பர் 8, குவைத்தில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டையே ஒரு சிப்பாய் எழுந்து கேட்டார்: வண்டிக்குக் கவசம் போட நாங்க ஏன் குப்பைமேட்டுல இரும்புத் துண்டு பொறுக்கணும்னு. கூடியிருந்த சிப்பாய்கள் கை தட்டினாங்க. அந்த இருபது பேர் கலகக்காரங்க மட்டும்தான்னு யாராவது நினைச்சிருந்தா, அந்தக் கைதட்டலைக் கேட்டிருக்கணும்.

என் வாதம் என்னன்னா, விஷயம் கட்டளையை மீறுற அளவுக்கு வந்ததே அமைப்பின் தோல்வி. ஏன்னா "முடியாது"ன்னு சொல்றதுக்கு ஒழுங்கான வழியை அவங்க விதியிலேயே வெச்சிருக்காங்க. அந்த 5988-இ படிவத்துல ஒரு பெருக்கல் குறி போட்டா வண்டி நகரக் கூடாது. பிரேக் போச்சு, ஸ்டியரிங் ஆடுது, அவ்வளவுதான், பெருக்கல் குறி. கட்டாயம் போயே ஆகணும்னா? அந்தக் குறியைச் சுத்தி ஒரு வட்டம் போடலாம். ஆனா வட்டம் போடற அதிகாரம் கமாண்டருக்கும் அவர் அதுக்குன்னு நியமிச்சவருக்கும்தான். அதுவும் இந்த ஒரு பயணத்துக்கு, இந்த வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வரம்பு எழுதி.

இந்தச் சின்ன வட்டத்துல எவ்வளவு புத்தி இருக்கு பாருங்க. சார்ஜென்ட் உண்மையைச் சொல்லியாச்சு. கமாண்டர் ஆபத்தைத் தெரிஞ்சே தன் பேர்ல எடுத்தாச்சு. ஒழுங்கும் கெடலை, பொய்யும் சொல்லலை. யாராவது செத்தா யார் பேனான்னு காகிதம் சொல்லும்.

நடைமுறையில என்ன ஆகுதுங்கறீங்க? வட்டம் போட கமாண்டருக்குப் பிடிக்காது. அதனால பெருக்கல் குறியே வராத மாதிரிப் பார்த்துக்குவாங்க. "தயார் நிலையில் இத்தனை சதவீதம் வண்டி"ன்னு மேல அனுப்பற அறிக்கை அழகா இருக்கணுமே. சார்ஜென்ட்டைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்து எழுதுப்பா" அவ்வளவுதான். கீழ இருக்கிறவன் வண்டிக்கு அடியில குனியாமலே டிக் அடிக்கக் கத்துக்கறான். இது ராணுவத்துக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை, எங்க ஆபீஸ் கோப்புல இதை விட அழகான டிக்கெல்லாம் பார்த்திருக்கேன்.

பரிசும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையில் ஓட்டுநர் பேட்ஜ் ஒண்ணு உண்டு. ஒரு வருஷமோ 8,000 மைலோ விபத்து இல்லாம ஓட்டினா நெஞ்சுல குத்திக்கலாம். நல்ல விஷயம், வேண்டாங்கலை. தூங்காத பையனை இறக்கி விட்டு, கான்வாயை ரெண்டு மணி நேரம் தாமதமாக்கி, மேஜர்கிட்ட திட்டு வாங்கின சார்ஜென்ட்டுக்கு எந்த பேட்ஜ்? நடக்காத விபத்தை எந்தப் படிவத்துல எழுதுவான் அவன்?

அதனால விபத்துக்கு அப்புறம் வர்ற விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். வண்டியில உட்கார்ந்திருந்தவன் என்ன செஞ்சான்னு நிமிஷக் கணக்கு இருக்கும். மேற்பார்வைக் குறைன்னு ஒரு வரி. அந்த மேற்பார்வைக்கு அந்த சார்ஜென்ட்டுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் கொடுத்தாங்க? ராத்திரி ஓட்டப் பழக்க ஒதுக்கின நாள்ல அவனோட பசங்களைப் புல் வெட்டவும் கேட் காவலுக்கும் அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டது யாரு? அந்த உத்தரவையும், போட்டவர் பதவியையும், அதே அறிக்கையில, அதே நிமிஷக் கணக்கோட எழுதச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம் ஷெட் மேஸ்திரியைப் பத்தி.