பொரி மழை இல்லீங்க, சோறு

'வெல்கம் டு டாங்மக்கோல்', 2005ல வந்த கொரியப் படம். 1950ல நடந்த போர்க் கதை. வடக்கு, தெற்கு ரெண்டு படை ஆளுங்களும் ஒரு மலைக் கிராமத்துல எதிரும் புதிருமா நிக்கிறாங்க. கையெறி குண்டு ஒண்ணு தானியக் கொட்டகையில வெடிச்சு, மக்காச்சோளம் பொரியா கொட்டுது.

பட்டணத்துக்காரங்க அதைக் கவிதைங்கிறீங்க. வெள்ளாமை பண்றவன் கண்ணுக்கு அது ஊரோட குளிர்காலச் சாப்பாடு. எந்தக் கொள்கைக்காரன் சண்டை போட்டாலும் முதல்ல காலியாகறது எங்க குதிர்தான்.

படத்துல அந்த ஆளுங்களே துப்பாக்கியை ஓரமா வச்சுட்டு, காட்டுல இறங்கிப் பாடுபட்டுக் கொட்டகையை நிரப்புறாங்க. பொரி மழையைக்கூட நம்பிடுவேன். அழிச்ச தானியத்தைத் திருப்பித் தர்ற படையை மட்டும் நான் கேள்விப்பட்டதே இல்லீங்க.